உள்பொருத்துப் படகு எஞ்சின்களில் சோக்: இறுக்கமும் பழுதறிதலும் – ஒரு வரலாற்று நோக்கு

படகின் உடலுக்குள் நிலையாகப் பொருத்தப்பட்டு, தண்டின் வழியாக உந்துவிசிறியைச் சுழற்றும் எஞ்சின் உள்பொருத்து எஞ்சின் எனப்படும். பின்புறச் சுவரில் மாட்டிக் கழற்றக்கூடியது வெளிப்பொருத்து எஞ்சின் ஆகும். பெட்ரோலில் ஓடிய பழைய உள்பொருத்து எஞ்சின்களில் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் வேலையைக் கார்புரேட்டர் செய்தது. அதன் காற்று வாயில் சுழலும், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு தகடே சோக். மூச்சை அடைத்தல் என்னும் பொருள் கொண்ட ஆங்கிலச் சொல் இது. தகடு செய்வதும் அதைத்தான்: எஞ்சினின் மூச்சைச் சற்று நேரம் அடைக்கிறது.

தமிழகக் கடற்கரையில் காணப்படும் விசைப்படகுகளின் டீசல் எஞ்சின்களில் கார்புரேட்டர் இல்லை. ஆகவே சோக்கும் இல்லை. இக்கட்டுரை பெரும்பாலும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பயன்பட்ட பெட்ரோல் படகு எஞ்சின்களைப் பற்றியது. அந்தச் சிறு தகடு இறுகிக்கொண்டால் படகு கரையிலேயே நின்றுவிடலாம், நடுக்கடலில் அணைந்துவிடலாம், தீப்பற்றவும் செய்யலாம். எனவே அதன் பழுதை அறியும் முறைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு.

சோக் ஏன் தேவைப்பட்டது?

பெட்ரோல் நீர்மமாக இருக்கும்போது நன்றாக எரியாது. ஆவியான பகுதியே தீப்பொறியில் பற்றும். சூடான எஞ்சினில் எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் இருந்தால் முழுமையாக எரியும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோலின் சிறு பகுதியே ஆவியாகும். மீதி குழாய்ச் சுவர்களில் துளிகளாகப் படிந்துவிடும். அதனால் அதிகப் பெட்ரோலை உள்ளே அனுப்பி, ஆவியாகும் பகுதியைப் போதிய அளவுக்கு உயர்த்த வேண்டியுள்ளது. சோக் தகடு காற்று வாயை மூடும்போது அதன் கீழே அழுத்தம் குறைகிறது. ஜெட் வழியாக வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. எஞ்சின் சூடேறியதும் தகடு முழுவதும் திறந்துவிட வேண்டும். மூட வேண்டிய நேரத்தில் மூடாததும், திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காததுமே சோக்கின் இரு அடிப்படைப் பழுதுகள்.

தொடக்க காலம்

1886ஆம் ஆண்டில் கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் ஜெர்மனியின் நெக்கார் ஆற்றில் பெட்ரோல் எஞ்சின் பொருத்திய சிறு படகை ஓட்டினர். அதன் நீளம் சுமார் 4.5 மீட்டர். பெட்ரோல் வெடித்துவிடும் என்று மக்கள் அஞ்சியதால், படகைச் சுற்றிக் கம்பிகளையும் பீங்கான் காப்பிகளையும் மாட்டி, மின்சாரத்தில் ஓடும் படகு போலக் காட்டினார்கள் என்று சொல்லப்படுகிறது. படகில் பெட்ரோலைப் பற்றிய அச்சம் அந்த எஞ்சினுடனேயே பிறந்துவிட்டது எனலாம்.

அக்காலக் கார்புரேட்டர்கள் பெட்ரோலின் மேற்பரப்பிலிருந்து ஆவியைச் சேகரிக்கும் எளிய கலன்கள். 1893ஆம் ஆண்டில் ஹங்கேரியின் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டருக்குக் காப்புரிமை பெற்றனர். ஏறத்தாழ அதே காலத்தில் மேபாக்கும் தெளிப்பு முறையை உருவாக்கினார். மிதவைக் கிண்ணமும் ஜெட்டும் கொண்ட இந்த அமைப்பே பின்வந்த கார்புரேட்டர்களுக்கெல்லாம் அடிப்படையானது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடாவின் நோவா ஸ்கோசியா, நியூஃபவுண்ட்லாந்து கரைகளில் மீனவர்கள் பயன்படுத்திய ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் தலையில் ஒரு சிறு கிண்ணம் இருந்தது. அதில் சிறிது பெட்ரோலை ஊற்றித் திருகைத் திறந்து உள்ளே விட்டு, கனத்த சக்கரத்தைக் கையால் ஆட்டி எஞ்சினைக் கிளப்புவார்கள். குளிர்காலத்தில் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்பது அனுபவத்தால் கைவந்த அளவு. சோக் தகடு பின்னர் செய்த வேலையை அப்போது மனிதக் கை நேரடியாகவே செய்தது.

கை சோக்கின் காலம்

1922ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலுள்ள அல்கோனாக்கில் தொடங்கப்பட்டு, பின்னர் கிறிஸ்-கிராஃப்ட் எனப் பெயர் பெற்ற நிறுவனம் மரப் படகுகளைப் பெரும் எண்ணிக்கையில் கட்டி விற்றது. இத்தகைய படகுகளில் கம்பி மூலம் இழுக்கும் கை சோக் பரவலாயிற்று. ஓட்டுநர் பலகையில் உள்ள குமிழை இழுத்தால் தகடு மூடும். உள்ளே தள்ளினால் திறக்கும்.

கை சோக்கின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, விஸ்கான்சின் மாநிலத்தின் யூனிவர்சல் நிறுவனம் தயாரித்த அட்டாமிக் 4 எஞ்சின். 1947 முதல் 1984 வரை சுமார் 40,000 எஞ்சின்கள் தயாரிக்கப்பட்டன. 30 குதிரைத்திறன் கொண்ட இந்த நான்கு சிலிண்டர் எஞ்சின், பாய்மரப் படகுகளில் துணை எஞ்சினாகப் பெரிதும் பயன்பட்டது. அவற்றில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை உண்டு.

கை சோக்கில் தகட்டைவிடக் கம்பியே அதிகம் இறுகும். உறைக்குள் உப்பு ஈரம் புகுந்து கம்பி துருப்பிடிக்கும். குமிழ் உள்ளே சென்றதுபோல் தோன்றும். கார்புரேட்டரிலோ தகடு பாதி மூடியே நிற்கும். இதைக் கண்டறிவது எளிது. கார்புரேட்டர் முனையில் கம்பியைக் கழற்றிவிட்டு, சோக்கின் நெம்புகோலை விரலால் அசைத்துப் பார்க்க வேண்டும். அது தளர்வாக அசைந்தால் குற்றம் கம்பியில். அப்போதும் இறுகியிருந்தால் குற்றம் கார்புரேட்டரில். பழுதை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை நீக்கும் இந்த வழி இன்றும் முதல் படியாக உள்ளது.

தானியங்கி சோக்கின் வருகை

1930களில் அமெரிக்கக் கார்களில் தானியங்கி சோக் பரவியது. அதன் உயிர்நாடி ஈருலோகச் சுருள். வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டினால், வெப்பம் மாறும்போது அந்தப் பட்டை வளையும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஹாரிசன் தம் மூன்றாவது கடற்கடிகாரத்தில் வெப்பநிலை மாற்றத்தை ஈடுசெய்ய ஈருலோகப் பட்டையைப் பயன்படுத்தினார். கடல் பயணத்துக்காக உருவான கருவி, கார் வழியாகச் சுற்றி மீண்டும் படகுக்கே வந்து சேர்ந்தது.

கார்களில் அந்தச் சுருளுக்கு வேண்டிய வெப்பம் பெரும்பாலும் புகைபோக்கிக் குழாயைச் சுற்றியுள்ள சூடான காற்றிலிருந்து கிடைத்தது. படகில் அக்குழாயைச் சுற்றி நீர் ஓடும் உறை இருக்கிறது. மூடிய அறைக்குள் எதுவும் தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகக் கூடாது என்பதே அதன் நோக்கம். எனவே கார் முறையை அப்படியே எடுத்துக்கொள்ள இயலவில்லை. சில எஞ்சின்களில் சுருளை உள்ளிழுப்புக் குழாயின் குழிவொன்றில் வைத்து, ஒரு கம்பியால் தகட்டுடன் இணைத்தனர். வேறு சிலவற்றில் 12 வோல்ட் மின்சாரத்தால் சுருளைச் சூடாக்கினர். 1961இல் சந்தைக்கு வந்த மெர்க்குரூசர் போன்ற எஞ்சின்கள் கார்களின் எஞ்சின்களையே படகுக்கு ஏற்ப மாற்றியவை. அவற்றுடன் தானியங்கி சோக்கும் படகுகளில் பரவியது.

இதனால் ஓட்டுநரின் வேலை குறைந்தது. சோக் எந்த நிலையில் உள்ளது என்று கையால் உணரும் வாய்ப்பும் போனது. பழுது கண்ணுக்கு மறைவான இடத்துக்கு நகர்ந்தது.

இறுகுவதற்கான காரணங்கள்

கார்புரேட்டரின் உடல் பொதுவாகத் துத்தநாகக் கலவையாலும், தகட்டின் தண்டு எஃகாலும் ஆனவை. உப்புக் காற்றில் வெவ்வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அரிமானம் விரைவாகும். குளிர்நாடுகளில் படகுகள் பல மாதங்கள் ஓடாமல் கிடப்பதால் பழைய பெட்ரோல் பிசின் போலப் படிந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்த்து அரிமானத்தைக் கூட்டும்.

மனிதக் கையால் வரும் காரணமும் உண்டு. கார்புரேட்டரின் மேல் பொருத்தும் தீத்தடுப்பானின் நட்டை மிகையாக முறுக்கினால் காற்று வாயின் மேற்பகுதி சற்றே வளைந்து, தகட்டின் விளிம்பு சுவரில் உரசும். நட்டைத் தளர்த்தியதும் தகடு விடுபட்டால் காரணம் அதுவே.

அறிகுறிகளும் ஆய்வு முறையும்

தகடு மூடியே இறுகினால் எஞ்சின் எளிதில் கிளம்பும், சூடானதும் தடுமாறும். கரும்புகையும் பெட்ரோல் நெடியும் வரும், ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுவதால் எஞ்சின் தேயும். தகடு திறந்தே இறுகினால் குளிர்ந்த எஞ்சின் கிளம்பாது; கிளம்பினாலும் கார்புரேட்டர் வழியே தும்மும்.

ஆய்வு எப்போதும் குளிர்ந்த எஞ்சினில் தொடங்க வேண்டும். முதலில் காற்று வெளியேற்றும் ஊதியை ஓடவிட்டு, எஞ்சின் அறையில் பெட்ரோல் நெடி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எஞ்சினை நிறுத்திய நிலையில் தீத்தடுப்பானைக் கழற்றி, த்ராட்டிலை ஒருமுறை முழுவதும் திறந்து மூட வேண்டும். தானியங்கி சோக்கில் த்ராட்டிலின் வேகத் திருகு ஒரு படிச்சக்கரத்தில் தங்கியிருக்கும். அது விலகினால்தான் தகடு மூட முடியும். சோக் பழுது என்று கருதப்படும் பல நிகழ்வுகளில் இந்த ஒரு செயல் விடுபட்டிருப்பதே காரணம்.

அதன் பிறகும் தகடு மூடாவிட்டால் விரலால் மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். பிசின் படிந்திருந்தால் கார்புரேட்டர் துப்புரவுத் தெளிப்பானை இட்டு அசைத்தால் விடுபடும். கெட்டி எண்ணெயோ கிரீஸோ இடக் கூடாது. அவை தூசியைச் சேர்த்து மீண்டும் இறுக்கும். பின்பு தீத்தடுப்பானை மீண்டும் பொருத்திய பிறகே எஞ்சினை ஓட்ட வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறியதும் அதை நிறுத்திப் பார்த்தால் தகடு நேராக நிற்க வேண்டும். மின்சார சோக்கில் அப்படி நிற்கவில்லை என்றால், எஞ்சின் ஓடும்போது அதன் முனைக்கு 12 வோல்ட் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் நெடுநேரம் திருப்பி வைத்தால், சில இணைப்புகளில் சுருள் வீணாகச் சூடாகித் தகடு முன்கூட்டியே திறந்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கிளம்பாத எஞ்சினை நீண்ட நேரம் சுழற்றுவதில் மற்றோர் ஆபத்து உண்டு. நீர்மட்டத்துக்குக் கீழே எஞ்சின் உள்ள பாய்மரப் படகுகளில் கடல்நீர்ப் பம்பு தொடர்ந்து நீரைப் புகைக்குழாய்க்குள் அனுப்பும். எஞ்சின் ஓடாததால் அந்நீரை வெளியே தள்ளும் புகையழுத்தம் இருக்காது. நீர் உயர்ந்து சிலிண்டருக்குள் புகுந்தால் எஞ்சினே பாழாகும். எனவே அத்தகைய படகுகளில் நெடுநேரம் சுழற்ற நேர்ந்தால் கடல்நீர்க் குழாயை மூடிவைப்பர். எஞ்சின் கிளம்பியவுடன் அதைத் திறக்க வேண்டும்.

பாதுகாப்பும் சட்டமும்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் கசிந்தால் தரை வழியே கலைந்துவிடும். படகில் அடிப்பள்ளத்தில் தேங்கும். கார்புரேட்டர் வழியே வரும் ஒரு தும்மல் போதும், அது பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் 1940 ஏப்ரல் 25க்குப் பிறகு பொருத்தப்பட்ட உள்பொருத்துப் பெட்ரோல் எஞ்சின்களுக்குத் தீத்தடுப்பான் போன்ற பின்வெடிப்புக் கட்டுப்பாடு கட்டாயமானது. எஞ்சினைக் கிளப்புமுன் ஊதியை 4 நிமிடம் ஓடவிட வேண்டும் என்ற எச்சரிக்கைப் பலகையும் பின்னர் படகுகளில் இடம்பெற்றது. படகுக்கான கார்புரேட்டரில் வழிந்த பெட்ரோல் வெளியே கொட்டாமல் எஞ்சினுக்குள்ளேயே செல்லுமாறு வடிவமைப்பு அமைந்தது. ஆகவே கார் கார்புரேட்டரைப் படகில் மாற்றிப் பொருத்துவதும், ஆய்வின்போது கழற்றிய தீத்தடுப்பானைப் பொருத்தாமல் ஓட்டுவதும், சோக் சரியில்லை என்று வாயில் பெட்ரோலை ஊற்றுவதும் உயிருக்கே ஆபத்தானவை.

முடிவுக் காலம்

1990களிலிருந்து படகு எஞ்சின்களில் மின்னணு எரிபொருள் தெளிப்பு பரவியது. வெப்ப உணரி தரும் அளவைக் கொண்டு கணினியே பெட்ரோலைக் கூட்டிக் குறைப்பதால் சோக் தகடு தேவையற்றதாயிற்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மாசு விதிகள் 2010 மாதிரி ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தபின், அந்நாட்டின் புதிய உள்பொருத்து எஞ்சின்களில் கார்புரேட்டர் பெரும்பாலும் மறைந்தது.

ஆயினும் பழைய எஞ்சின்கள் கரைகளில் இன்னும் உள்ளன. அவற்றில் சோக் தகட்டைச் சரிசெய்யப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றிய மீனவர் அறிந்திருந்த மூன்றே செய்திகள் போதும்: எஞ்சின் குளிர்ந்திருக்கிறதா சூடாக இருக்கிறதா, இப்போது அதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும், படகின் அடியில் நெடி இருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு முதலில் விடை கண்ட பிறகே மற்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.