மாமாவின் தோட்டமா, மாமாக்களின் தோட்டமா?

சில வருஷங்களுக்கு முன்னால் தம்பியின் படிப்புக் கடனுக்காக ஒரு கடிதம் டைப் செய்து கொடுத்தேன். ஈடாகக் காட்டியது எங்கள் மூன்று மாமாக்களின் தோட்டத்தை. தென்னையும் கொஞ்சம் மஞ்சளும் இருக்கிற தோட்டம். கூட்டுப் பட்டா, மூன்று பேர் பெயரும் அதில் உண்டு. நான் ஆங்கிலத்தில் “மை அங்கிள்'ஸ் ஃபார்ம்” என்று அடித்திருந்தேன். கடிதம் திரும்பி வந்துவிட்டது. “ஒரு மாமா தோட்டம்னு எழுதியிருக்கீங்க, பட்டாவுல மூணு பேர் இருக்காங்க. எந்த மாமாங்க?”

கல்லூரியில் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் வீட்டில். நடு மாமா கடிதத்தை வாங்கிப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “ஏம் மாப்ள, அப்ப எங்க ரெண்டு பேருக்கும் தோட்டத்துல பங்கில்லியா?” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் பங்கு விஷயத்தில் அண்ணன் தம்பிகள் சிரித்துக்கொண்டு கேட்கும் கேள்விதான் ஆபத்தானது.

செய்த தப்பு இவ்வளவுதான். எழுத்துக்கு மேலே காற்புள்ளி மாதிரி தொங்குமே, அப்பாஸ்ட்ரபி, அதை 'ஸ்' எழுத்துக்கு முன்னால் போட்டுவிட்டேன். பின்னால் போட்டிருக்க வேண்டும். “அங்கிள்'ஸ்” என்றால் ஒரு மாமாவுடையது. “அங்கிள்ஸ்'” என்றால் பல மாமாக்களுடையது. “சில்ரன்”, “விமன்” மாதிரி 'ஸ்' இல்லாமலே பன்மையாகும் சொற்களுக்கு மட்டும் “சில்ரன்'ஸ்”, “விமன்'ஸ்” என்று குறி முன்னால் வரும். பள்ளிக்கூடத்தில் இதை ஐந்து மார்க் கேள்வியாகப் படித்து மறந்திருப்போம்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தேகம் வேறு. வாயால் சொல்லிப் பாருங்கள். ஒரு மாமாவுடையது, பல மாமாக்களுடையது, வெறுமனே பல மாமாக்கள், மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றேதான். காதுக்குத் தெரியாத வித்தியாசத்தைக் கண்ணுக்கு மட்டும் காட்டுகிற குறி இது. இப்படி ஒரு ஏற்பாடு எப்படி வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. ராஜா என்பதற்கு “க்யுனிங்” என்பார்கள். ஒரு ராஜாவுடையது “க்யுனிங்கெஸ்”, பல ராஜாக்களுடையது “க்யுனிங்கா”. காதாலேயே பிரித்துவிடலாம். 1066ல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்குப் பிந்தைய நூற்றாண்டுகளில் இந்தச் சொல்லிறுதிகள் தேய்ந்தன. கடைசியில் 'எஸ்' என்ற ஒரே ஒலி பன்மைக்கும் உடைமைக்கும் பொதுவாக நின்றது. ஒரே ஆள் ரெண்டு வேலை பார்க்கிற கதைதான்.

அப்பாஸ்ட்ரபி 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அச்சு வழக்கத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. அதன் முதல் வேலை, விட்டுப்போன எழுத்தின் இடத்தைக் காட்டுவது. உடைமைக்கு அதைப் போடும் பழக்கம் மெதுவாகத்தான் பரவியது. 1623ல் வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் முகப்புப் பக்கத்திலேயே “ஷேக்ஸ்பியர்ஸ்” என்று குறி இல்லாமல்தான் அச்சிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருமைக்கு நிலைத்தது. பன்மைக்கு 'ஸ்' தாண்டிக் குறி போடுவது நிலைக்க 18ஆம் நூற்றாண்டின் கடைசி வரை ஆனது. அமெரிக்காவில் பிறந்து இங்கிலாந்தின் யார்க் நகருக்கு அருகே குடியேறிய வக்கீல் லிண்ட்லி மர்ரே 1795ல் வெளியிட்ட இலக்கணப் புத்தகத்தில் இந்த விதி தெளிவாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுப் பள்ளிகளில் பெரிதாகப் பரவிய புத்தகம் அது. ஆக, நம்மை மிரட்டும் இந்த விதிக்கு வயது கிட்டத்தட்ட 230 வருஷம்தான்.

சரி, நம்ம பக்கம் வருவோம். பெருந்துறையிலிருந்து குன்னத்தூர் ரோட்டில் போனால் சீனாபுரம். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் இந்த ஊர்க்காரர் என்பது நம்ம வட்டாரத்து வழக்கு. 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் எழுதப்பட்ட நூல் அது.

நன்னூலில் ஆறாம் வேற்றுமையைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. உடைமைக்கு ஒருமை பன்மைக் கணக்கு அங்கேயும் இருக்கிறது. ஆனால் தலைகீழாக! ஆங்கிலம், உடையவர் ஒருவரா பலரா என்று கேட்கிறது. நன்னூல், உடைமை ஒன்றா பலவா என்று கேட்கிறது. ஒரு பொருள் என்றால் 'அது', 'ஆது' என்ற உருபுகள். பல பொருள் என்றால் 'அ'. அதாவது “தனது கை” சரி, ஆனால் ரெண்டு கை என்றால் “தன கைகள்” என்று சொல்ல வேண்டும். நாம் இன்றைக்கு சர்வ சாதாரணமாக எழுதும் “எனது புத்தகங்கள்” பவணந்தியாரிடம் போயிருந்தால் சிவப்பு மையில் சுழிக்கப்பட்டிருக்கும். அந்த 'அ' வழக்கொழிந்து போய்விட்டது. ஒரு விதி செத்துப்போக, மொழி பாட்டுக்கு நடக்கிறது.

உடையவர் கணக்கைத் தமிழ் வேறு மாதிரி பார்த்துக்கொள்கிறது. 'கள்' பன்மைக்கு, 'இன்' உடைமைக்கு. மாமாவின், மாமாக்களின். ரெண்டு வேலைக்கு ரெண்டு ஆள், காதுக்கும் தெளிவு. ஆனால் நமக்கும் ஒரு ஓட்டை உண்டு. அதுதான் 'அர்'. பெருந்துறை உழவர் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999ல் மதுரையில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய திட்டம். “உழவர்” என்பது ஒரு விவசாயியை மரியாதையாகச் சொல்வதா, பல விவசாயிகளைச் சொல்வதா? ரெண்டும்தான். அது உழவருடைய சந்தையா, உழவருக்கான சந்தையா? உருபைத் தொகையாக மறைத்துவிட்டதால் அதுவும் நம் ஊகத்துக்கு. இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது “ஃபார்மர்ஸ்” பக்கத்தில் குறி வேண்டுமா வேண்டாமா என்று அங்கேயும் ரெண்டு கட்சி. கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் சுருக்கிச் சொல்லும், 1935ல் தொடங்கிய கைத்தறி நெசவாளர் சங்கத்தின் ஆங்கிலப் பெயருக்கும் அதே கேள்விதான். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகராட்சி 2009ல் தெருப் பலகைகளில் இந்தக் குறியே வேண்டாம் என்று அறிவித்துவிட்டது. பலகையைப் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சிதான். குறி இல்லை என்று யாரும் தக்காளி வாங்காமல் திரும்பப் போவதில்லை.

சிலர் வேண்டுமென்றே ஒரு பக்கம் நிற்பார்கள். அமெரிக்காவில் அன்னையர் தினத்துக்காகப் போராடிய அன்னா ஜார்விஸ், குறி 'ஸ்' எழுத்துக்கு முன்னால்தான் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். ஒவ்வொரு வீடும் தன் ஒரே அம்மாவைக் கொண்டாடட்டும் என்பது அவர் எண்ணம். 1914ல் அது தேசிய நாளானது. தமிழில் நாம் “அன்னையர் தினம்” என்று எல்லா அம்மாக்களையும் சேர்த்துவிட்டோம்.

ஆனால் பணமும் மானமும் வரும் இடத்தில் குறி விளையாட்டில்லை. 2020ல் ஆஸ்திரேலியாவில் ஒரு வீட்டுத் தரகர், தன் பழைய முதலாளி ஊழியர் ஓய்வூதியப் பணத்தைக் கட்டவில்லை என்று ஃபேஸ்புக்கில் எழுதினார். “எம்ப்ளாயீஸ்” என்ற சொல்லில் குறி போடவில்லை. ஒரு ஊழியரைத்தான் சொன்னேன் என்பது அவர் வாதம். குறி இல்லாததால் படிப்பவர் அதைப் பன்மையாகவே எடுத்துக்கொள்வார்கள். ஒருவருக்குக் கட்டாமல் விட்டது வேறு, பலருக்குக் கட்டாமல் விட்டது வேறு என்றார் நீதிபதி. 2021 அக்டோபரில் அவதூறு வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்து, மேலே நடத்த அனுமதித்தார்.

இதையெல்லாம் படித்தபிறகு எனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டேன். கடைப் பலகை, அழைப்பிதழ் எல்லாம் எப்படியோ போகட்டும். பத்திரம், கடன், வாரிசு என்று வந்தால் அந்தக் குறியை மட்டும் நம்புவதில்லை. அன்றைக்கும் கடிதத்தைத் திருத்தும்போது குறியை இடம் மாற்றியதோடு விடவில்லை. கீழே மூன்று மாமாக்களின் பெயரையும் வரிசையாக அடித்தேன். கடன் கிடைத்தது, கடைசி நாளுக்கு முந்தின நாள் ஃபீஸ் கட்டினோம்.

திருத்தின கடிதத்தை நடு மாமாவிடம் காட்டினேன். குறி எங்கே இருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை. தன் பெயர் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடினார். இருந்தது. “இப்ப செரி மாப்ள” என்று மடித்துக் கொடுத்துவிட்டார்.