பெயர் சூட்டியோரும் பெயர் சுமந்தோரும்

ஈழத்துத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் 19ஆம் நூற்றாண்டுக்கு வந்ததும் சில பெயர்களிலே தடுக்கி நிற்பதை நான் ஆண்டுதோறும் வகுப்பறையிலே காண்கின்றேன். கறல் விசுவநாதபிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை என்பன அப்பெயர்கள். முற்பாதி அமெரிக்காவைச் சொல்கிறது. பிற்பாதி சிவனைச் சொல்கிறது. 1841இல் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மாட்டின், சேத் பேசன் என்போர். இவர்களும் யாழ்ப்பாணத் தமிழரே. "இவர்கள் யார், சேர்? நம்மவர்களா, அவர்களுடைய ஆட்களா?" என்று மாணவர் கேட்பதுண்டு. அக்கேள்விக்கு ஒரு சொல்லிலே விடை கூறிவிட முடியாது. இவர்கள் உருவான வரலாற்றைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்தவருக்குக் கிறிஸ்தவப் பெயர் 19ஆம் நூற்றாண்டிலே புதிதாக வந்ததன்று. போர்த்துக்கேயர் காலத்திலேயே ஞானஸ்நானப் பெயர்கள் வந்துவிட்டன. ஒல்லாந்தர் காலத்திலே அரசாங்க உத்தியோகம் பெறுவதற்கு ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. பள்ளிக்கூடத் தோம்பிலே பெயர் பதிவு பெற்றது. ஆனால், அது பெரும்பாலும் தோம்பிலே மட்டும் வாழ்ந்த பெயர். 1796இல் ஆங்கிலேயர் வந்து அக்கட்டாயம் தளர்ந்தபோது, கிறிஸ்தவர் எனப் பதியப்பட்டிருந்தோரிற் பெருந்தொகையினர் வெளிப்படையாகவே சைவராயினர். ஏட்டிலே பெயர் எழுதுவதால் மட்டும் ஒருவனுடைய உள்ளம் மாறிவிடாது என்பதை யாழ்ப்பாணம் அன்றே காட்டிவிட்டது.

1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிமார் வேறொரு மரபிலே வளர்ந்தவர்கள். நியூ இங்கிலாந்துச் சபைகளிலே, கிறிஸ்தவப் பெற்றோருக்குப் பிறந்தவனேயாயினும், ஒருவன் தன் மனம் திரும்பிய அனுபவத்தைத் தானே எடுத்துரைத்தாலன்றிச் சபையின் முழு அங்கத்தவனாகக் கொள்ளப்படுவதில்லை. அந்த அளவுகோலையே அவர்கள் தெல்லிப்பழைக்கும் வட்டுக்கோட்டைக்கும் கொண்டுவந்தனர். 1823இலே தானியேல் பூர் பாதிரியாரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. அடுத்த ஆண்டிலே உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை, ஹறியற் வின்ஸ்லோ அம்மையாரின் பொறுப்பிலே உருவாயிற்று.

செமினரியிலே இயற்கை விஞ்ஞானமும் கணிதமும் வானசாத்திரமும் கற்பித்தார்கள் என்பதை நாம் பெருமையோடு பேசுகின்றோம். தமிழ் இலக்கண இலக்கியங்களும் அங்கே பாடமாயிருந்தன என்பதையும் மறப்பதில்லை. ஆனால், அந்நிறுவனத்தின் இருதயமாக மிஷனரிமார் கருதியது இவற்றையன்று. மாணவனை அவனுடைய குடும்பத்திலிருந்தும் ஊரிலிருந்தும் கோயிலிலிருந்தும் பிரித்து விடுதியிலே வைத்துக்கொண்டார்கள். காலையும் மாலையும் செபம் நடந்தது. ஆசிரியர் மாணவனைத் தனியே அழைத்து, அவனுடைய ஆன்ம நிலையைப் பற்றி உசாவினார். நீ எதை நம்புகிறாய், ஏன் நம்புகிறாய், உன் மனச்சாட்சி உனக்கு என்ன சொல்லுகிறது என்பன அவர்கள் கேட்ட கேள்விகள். சபையிலே சேர விரும்பியவனை உடனே சேர்த்துக்கொள்ளவுமில்லை. அவனுடைய நடத்தையைக் கவனித்து, சோதித்து, அவன் வாயாலேயே அவனுடைய விசுவாசத்தைச் சொல்லவைத்த பின்னரே ஏற்றுக்கொண்டார்கள்.

இதன் புதுமையை நாம் உணரவேண்டுமானால் அக்கால யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கவேண்டும். ஒருவன் இன்னாருடைய மகன், இன்ன ஊரவன், இன்ன சாதியான், இன்ன கோயிலடியான் என்பதே அவன் யாரென்பதற்குப் போதிய விடையாயிருந்தது. பதினைந்து வயதுப் பையனைத் தனியே இருத்தி, 'நீ யார்?' என்று கேட்கும் வழக்கம் வீட்டிலும் இல்லை, திண்ணைப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. நம்முடைய குரு சீட மரபிலே அக்கேள்வி உண்டு. ஆயினும், அது பக்குவப்பட்ட சிலருக்கே உரியதாயிருந்தது. மிஷனரிமார் அதனை ஒரு பாடசாலையின் அன்றாட வழக்கமாக்கினார்கள்.

இங்கேதான் ஒரு முரண்பாடும் எழுகின்றது. உன் உள்ளத்தை நீயே சோதித்து முடிவு செய் என்று சொன்னவர்கள், அம்மாணவனின் பெயரை மட்டும் அவனிடம் கேளாமலே மாற்றினார்கள். அமெரிக்காவிலே இருந்த அன்பர்களும் சபைகளும் ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பி ஒரு பிள்ளையைத் தாங்கினர். தாம் விரும்பிய பெயரை அப்பிள்ளைக்குச் சூட்டும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. மறைந்த போதகர் ஒருவரின் பெயரோ கொடையாளியின் பெயரோ, அம்மனிதரைக் கண்டறியாத ஒரு வட்டுக்கோட்டைச் சிறுவனுக்கோ உடுவிற் சிறுமிக்கோ உரியதாயிற்று. கொடுத்தவர்களின் அன்பை நான் ஐயுறவில்லை. ஆயினும், பெற்றவனின் பெயரைக் கொடுத்தவன் தீர்மானிக்கும் தானம் முழுத் தானமாகுமா என்ற வினா எழவே செய்கின்றது.

இப்பயிற்சியைப் பெற்றவர்கள் என்ன ஆனார்கள்? ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை (1820-1896) இறுதிவரை கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். உதயதாரகையின் ஆசிரியராக நெடுங்காலம் பணியாற்றினார். அவர் 1886இல் வெளியிட்ட 'பாவலர் சரித்திர தீபகம்' சைவப் புலவர்களையும் கிறிஸ்தவப் புலவர்களையும் ஒரே நிரலிலே நிறுத்துகின்றது. மதம் மாறியவர் தம் மொழியின் முன்னோரைத் துறக்கவில்லை.

கறல் விசுவநாதபிள்ளை (1820-1880) சென்ற வழி வேறு. செமினரியிலே கற்று அங்கேயே கற்பித்தவர். வீசகணிதத்தைத் தமிழிலே எழுதியவர். ஆறுமுக நாவலரின் 'சைவதூஷண பரிகாரம்' 1854இல் வெளிவந்தபோது, அதனை மறுத்துச் 'சுப்பிரதீபம்' எழுதிய கிறிஸ்தவ வாதியும் அவரே. பின்னர் அவரே சைவத்துக்குத் திரும்பினார். அவருடன் 1857இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியான சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832-1901) அதே செமினரியின் மாணவர். அவரும் சைவராகவே வாழ்ந்து மறைந்தார். வீரசோழியம், கலித்தொகை, சூளாமணி முதலியவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெருமகன் அவர்.

கதை அத்துடன் முடியவில்லை. தாமோதரம்பிள்ளையின் மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரோடு போதகரானார். அவர் 1921இலே பிலிப்ஸ் என்பவருடன் இணைந்து வெளியிட்ட ஆங்கில நூல் எது தெரியுமா? சைவ நாயன்மாரின் பாடல்களின் மொழிபெயர்ப்பு! தந்தை விட்டுவந்த நெறியை மகன் தேடிச் சென்றார். சென்ற இடத்திலிருந்து தந்தையின் திருமுறையை உலகுக்கு எடுத்துக் காட்டினார்.

இவர்களுள் எவரையும் சந்தர்ப்பவாதி என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. உத்தியோகத்துக்காகப் படித்தவர்கள் செமினரியிலே இருந்தார்கள் என்பது உண்மை. மிஷன் 1855இல் அதனை மூடியதற்கு, ஆங்கிலம் கற்றவர்கள் ஊழியத்தை விட்டு உத்தியோகத்தை நாடினர் என்பதே ஒரு முதன்மைக் காரணம். அதே ஆண்டிலே பூர் பாதிரியாரும் கொள்ளை நோயினால் மானிப்பாயிலே மறைந்தார். மிஷனின் கணக்கிலே செமினரி ஒரு தோல்வியாகவே முடிந்தது. ஆனால், தன்னைத் தானே சோதிக்கக் கற்ற ஒருவன், கற்பித்தவர் எதிர்பார்த்த முடிவுக்குத்தான் வருவான் என்பதற்கு உறுதி ஏது? விசுவநாதபிள்ளை வெளியேறிய கதவும் அவருடைய ஆசிரியர்கள் திறந்துவைத்த கதவே.

நாவலர் பெருமானும் இதற்குப் புறம்பானவரல்லர். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த ஆங்கிலப் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் கற்று, அங்கேயே கற்பித்து, வேதாகம மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர் அவர். மதம் மாறவில்லை, முறையைக் கற்றுக்கொண்டார். 1847ஆம் ஆண்டின் இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே அவர் தொடங்கிய பிரசங்கமும், பின்னர் எழுதிய சைவ வினாவிடையும், சைவப் பிள்ளை தன் சமயத்தைப் பழக்கத்தால் மட்டுமன்றி அறிந்தும் கொள்ளவேண்டும் என்ற எண்ணத்திலே பிறந்தவை. 'நீ எதை நம்புகிறாய்?' என்ற வினாவை அவர் சைவத்தின் உள்ளேயே கேட்டார்.

இந்துக் கல்லூரியொன்றிலே தமிழ் கற்பிக்கும் எனக்கு இவ்வரலாற்றிலே ஒரு செய்தி மிக நெருக்கமானது. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் மூலவித்து, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை 1887இல் தொடங்கிய ஒரு சிறு ஆங்கிலப் பாடசாலை. செமினரியிலே உருவாகி, 1850இல் 'நியாய இலக்கணம்' என்னும் தருக்க நூலைத் தமிழுக்குத் தந்தவர் அவர். அவருடைய மகன் நெவின்ஸ் செல்வத்துரை பின்னர் அக்கல்லூரியின் அதிபராக நீண்ட காலம் விளங்கினார். அமெரிக்கப் பெயரொன்று இந்துக் கல்லூரியின் அதிபர் நாற்காலியிலே அமர்ந்திருந்தது. அதனாற் சைவம் குறைந்துவிடவில்லை.

ஆகவே, "நம்மவர்களா, அவர்களுடைய ஆட்களா?" என்று கேட்கும் மாணவருக்கு நான் கூறும் விடை இதுதான்: அவர்கள் பிறர் சூட்டிய பெயரைச் சுமந்துகொண்டே தாம் யாரென்பதைத் தேடியவர்கள். தேடி அடைந்த இடங்கள் வேறு வேறு. சமயபாடத்தைப் பரீட்சைக்கென மனனஞ் செய்து ஒப்புவிக்கும் இன்றைய பிள்ளைகளிடம், அது சைவமாயினும் கிறிஸ்தவமாயினும், நீ எதை நம்புகிறாய் என்று தனியே இருத்திக் கேட்கும் ஆசிரியர் எத்தனை பேர் இருக்கின்றோம்? கேட்டால், நாம் விரும்பாத விடையும் வரலாம். பூர் பாதிரியாரின் மாணவர்களிடமிருந்தும் அது வந்தது. அதற்கு அஞ்சாமல் கேட்பதே ஆசிரியத் தொழிலென்று எனக்குத் தோன்றுகின்றது.