வஸீம் தாஜுதீன் கொலை: முதல் நாளில் தொலைந்த தடயங்கள்

கொலையொன்றின் தடயங்களை முதல் நாளிலேயே சேகரிக்க வேண்டும். அது தவறினால் எவ்வளவு நவீன ஆய்வுகூடம் இருந்தும் பயன் குறைவு. இலங்கையில் இதற்கு நாம் அறிந்த உதாரணம் றக்பி வீரர் வஸீம் தாஜுதீனின் மரணம்.

2012 மே 17 அதிகாலை, நாரஹேன்பிட்டியில் மதிலில் மோதி எரிந்த காருக்குள் அவரது உடல் காணப்பட்டது. வாகன விபத்து என்றே பொலிஸார் கூறினர். 2015இல் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் மீண்டும் விசாரித்தது. ஆகஸ்ட் 10ஆம் திகதி, நீதிமன்ற உத்தரவின்படி தெஹிவளை மையவாடியிலிருந்து ஜனாஸா தோண்டியெடுக்கப்பட்டது. சட்ட வைத்திய அதிகாரிகளின் மறுபரிசோதனையில் அது விபத்தல்ல, கொலை என்பது தெரியவந்தது. ஆனால் முதல் பரிசோதனையில் அகற்றப்பட்ட சில எலும்புகள் காணாமல் போயிருந்தன. கண்காணிப்புக் கமராக் காட்சிகளை ஆராய கனடாவுக்கு அனுப்ப நேர்ந்தது. சாட்சியங்களை மறைத்த சந்தேகத்தில் பொலிஸ் அதிகாரிகள் கைதாகினர். கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

இதில் எமக்கும் படிப்பினை உண்டு. ஜனாஸாவை விரைந்து அடக்குவது சுன்னத். மையித்தை அறுப்பதை நாம் விரும்புவதில்லை. அது மையித்தின் கண்ணியம் சார்ந்த விடயம். எனினும் மரணத்தில் சந்தேகம் இருப்பின் பரிசோதனைக்கு அனுமதி உண்டு என்பதே சமகால ஃபிக்ஹ் அறிஞர்கள் பலரின் நிலைப்பாடு. எனவே அவ்வாறான வேளையில் குடும்பத்தினர் அவசரப்படாமல், முறையான பரிசோதனையைக் கோர வேண்டும். அறிக்கையின் பிரதியையும் கேட்டுப் பெற வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகிகள் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும்.

மண்ணில் அடக்கப்பட்டிருந்ததால்தான் மூன்று வருடங்களின் பின்னும் அந்த உடலைப் பரிசோதிக்க முடிந்தது. முதல் நாளிலேயே அது ஒழுங்காக நடந்திருந்தால் நீதி இவ்வளவு தூரம் போயிருக்காது.