ஒட்டாமல் நின்ற கற்கள்

தோட்டப் பாதையில் பரப்பிய கூழாங்கல் சிதறாமலும், செடியடியில் போட்ட மரப்பட்டை மூடாக்கு மழையில் அடித்துப் போகாமலும் இருக்க இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று பசை விற்கிறார்கள். மூடாக்கின் மேல் தெளிக்கப் பால் நிறத் திரவம். கல்லோடு கலக்கப் பாலியூரித்தேன் அல்லது எப்பாக்ஸி பிசின். விற்பவர்கள் பேசுவதைக் கேட்டால், சிதறுவது கல்லின் பிறவிக் குணம் என்றும் இப்போதுதான் ரசாயனம் அதை அடக்கியிருக்கிறது என்றும் தோன்றும். சாலைகளின் வரலாறு இதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. உதிரிக் கல்லைப் பரப்பி, அதில் ஒரு துளிப் பசையும் சேர்க்காமல், தபால் வண்டிகளும் பாரவண்டிகளும் ஓடும் நெடுஞ்சாலைகளை ஐரோப்பா ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வைத்திருந்தது. கல் அங்கே நின்றது. பின்னாளில் நிற்காமல் போனதற்குக் காரணம் கல்லில் இல்லை. மேலே ஓடிய சக்கரம் மாறிவிட்டது. பசை எப்போது, எதற்காக வந்தது என்று பார்த்தால், அது எங்கே தேவை, எங்கே வெறும் பழக்கம் என்பதும் தெரிந்துவிடும்.

இந்த வழக்கின் முதல் சாட்சி ஜான் லௌடன் மெக்காடம். 1756-இல் ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் பிறந்தவர். இளவயதில் நியூயார்க்கில் வணிகம் செய்து பொருள் சேர்த்து, 1783-இல் ஊர் திரும்பியவர். பொறியியல் படித்தவர் அல்லர். சுங்கச்சாலை அறங்காவலர்களில் ஒருவராக இருந்து, கெட்ட சாலைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றவர். 1816-இல் பிரிஸ்டல் சுங்கச்சாலைகளின் மேற்பார்வையாளரானார். அவர் சொன்னது இரண்டே விஷயம். பாரத்தைத் தாங்குவது அடியில் உள்ள மண். அது உலர்ந்திருக்கும்வரை எந்தப் பாரத்தையும் தாங்கும், ஆகவே மேலே போடும் கல் அந்த மண்ணுக்குக் கூரையாக இருந்தால் போதும். இரண்டாவது, அந்தக் கூரைக்குக் கல்லைத் தவிர வேறெதுவும் வேண்டாம். உடைத்த ஜல்லியைச் சுமார் பத்து அங்குலக் கனத்துக்கு அடுக்கடுக்காகப் பரப்ப வேண்டும். எந்தக் கல்லும் ஆறு அவுன்ஸுக்கு, அதாவது சுமார் 170 கிராமுக்கு, மேல் போகக் கூடாது. பிணைப்புக்கு என்று சொல்லி மண்ணோ களிமண்ணோ சுண்ணாம்போ கொட்டுவதை அவர் அடியோடு மறுத்தார். உடைத்த கல்லுக்கு முனை உண்டு. முனையோடு முனை மாட்டிக்கொள்ளும். வண்டி ஏற ஏற இறுகும். களிமண் இடையில் புகுந்தால் அது நீரை உறிஞ்சும், பனியில் உப்பும், கல்லைக் கல்லிலிருந்து விலக்கும் என்பது அவர் வாதம். சாலையோரத்தில் உட்கார்ந்து சிறு சுத்தியலால் கல் உடைக்கும் வேலைக்குப் பெண்களும் முதியவர்களும் சிறுவர்களும்கூட அமர்த்தப்பட்டார்கள். ஏழைகளின் கைக்கூலி மலிவாகக் கிடைத்த காலத்தின் தொழில்நுட்பம் அது என்பதையும் மறக்கக் கூடாது.

மெக்காடத்தின் வாதத்துக்கு அவர் காலத்திலேயே எதிர்ப்பு இருந்தது. தாமஸ் டெல்ஃபர்டு லண்டனிலிருந்து ஹோலிஹெட் போகும் சாலையை அமைத்தபோது அடியில் பெரிய கற்களைக் கையால் நிறுத்தி அடுக்கினார்; ஜல்லிக்கு மேலே பிணைப்புக்காகச் சரளை அடுக்கு ஒன்றும் போட்டார். அயர்லாந்தின் ரிச்சர்டு எட்ஜ்வொர்த் 1813-இல் வெளியிட்ட நூலில், ஜல்லியின் இடைவெளிகளைக் கல் சில்லுகளாலும் கூர்மணலாலும் நிரப்பச் சொன்னார். இவர்கள் சாலைகளும் நன்றாகவே நின்றன. இதைவிடக் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு: மெக்காடத்தின் சாலையிலும் பிணைப்புப் பொருள் இருந்தது, அவர் அதைப் போடவில்லை, அவ்வளவுதான். இரும்புப் பட்டை போட்ட சக்கரமும் குதிரைக் குளம்பும் மேற்பரப்புக் கல்லை நாள்தோறும் அரைத்தன. அந்தத் தூள் இடுக்குகளில் இறங்கியது. மழை அதை நனைத்து இறுக்கியது. கோணங்கள் மட்டுமே சாலையைப் பிடித்து நிறுத்தின என்பது முழு உண்மை இல்லை. இந்த ஆட்சேபத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அது எதை நிரூபிக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தச் சாலையின் பசை வெளியிலிருந்து வரவில்லை. கல்லிலிருந்தே பிறந்தது, தேயத் தேயப் புதிதாய் உண்டானது, எந்த வண்டி சாலையைத் தேய்த்ததோ அதே வண்டி அதைச் செய்துகொடுத்தது. விசைக்கும் கல்லுக்கும் இடையே ஓர் உடன்பாடு இருந்தது எனலாம். மெக்காடம் அதன் ஒரு பாதியை மட்டும் கண்டார்.

மறு பாதியைக் கண்டவர்கள் அடுத்த தலைமுறைப் பொறியாளர்கள். வண்டிகள் மாதக்கணக்கில் செய்யும் வேலையை எதற்குக் காத்திருந்து வாங்க வேண்டும்? கல்தூளை நாமே தூவி, தண்ணீர் விட்டு, பார உருளையால் அழுத்திவிடலாமே! கல்கத்தா நகராட்சிப் பொறியாளர் கிளார்க்கும் பர்மிங்ஹாமின் பாத்தோவும் 1863-இல் நீராவி உருளை ஒன்றை வடிவமைத்தார்கள். அதே பத்தாண்டில் கென்ட் மாவட்டம் ரோச்செஸ்டரில் தாமஸ் ஏவ்லிங்கின் தொழிற்சாலை அத்தகைய உருளைகளை விற்கத் தொடங்கியது. தண்ணீரால் இறுக்கிய இந்த ஜல்லிச் சாலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கப்பி ரோடு என்று நாம் சொல்வது அதைத்தான். இன்றும் பல கிராமச் சாலைகளில் தாருக்கு அடியில் கிடப்பது அதே அடுக்குதான். ஜல்லியைப் பரப்பி, உருட்டி, குருணையும் செந்நிறக் கிராவலும் தூவி, தண்ணீர் விட்டு மறுபடி உருட்டுவார்கள். அந்தக் கிராவலில் களித்தன்மை எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு இந்தியச் சாலை விதிகள் மேல்வரம்பு வைத்திருக்கின்றன. களிமண்ணைப் பற்றிய மெக்காடத்தின் சந்தேகம் இப்படி ஒரு சோதனைக்கூட எண்ணாக மாறி உயிரோடிருக்கிறது.

இந்த உடன்பாட்டை முறித்தது மோட்டார் கார். இரும்புச் சக்கரம் குதிரை இழுக்க உருண்டது; கல்லை மேலிருந்து அழுத்தியது. காரின் பின்சக்கரமோ தானே சுழன்று சாலையைப் பின்னோக்கித் தள்ளி வண்டியை முன்னே செலுத்துகிறது. ரப்பர் டயர் கல்லை அரைத்துத் தூளாக்குவதில்லை, இருக்கும் தூளை இடுக்கிலிருந்து பிடுங்கி வீசுகிறது. வேகம் கூடக் கூட அதிகமாக வீசுகிறது. புதுப் பசை பிறப்பதும் நின்றது, பழைய பசை பறப்பதும் தொடங்கியது. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பியச் சாலைகளின் பெரிய புகார் புழுதிதான். அந்தப் புழுதி சாலையின் மேல் கிடந்த அழுக்கு என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் பறந்தது சாலையின் பிணைப்பே. அது போன பின் ஜல்லி கழன்று உருண்டது. தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள், கடல்நீர் தெளித்துப் பார்த்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1898-இல் கச்சா எண்ணெய் ஊற்றினார்கள். எண்ணெயை நீரில் குழம்பாக்கி வெஸ்ட்ருமைட் என்ற பெயரில் விற்றார்கள். எல்லாம் சில நாள் மருந்து.

நிலைத்த மருந்தைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மருத்துவர் என்பது சாலை வரலாற்றின் சுவையான திருப்பங்களில் ஒன்று. சுவிட்சர்லாந்தில் பிறந்த எர்னஸ்ட் குக்லியெல்மினெத்தி டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் பணியாற்றியபோது மருத்துவமனைத் தரைகளில் தார் பூசுவதைப் பார்த்திருந்தார். பின்பு மொனாக்கோவில் தொழில் செய்த அவரிடம் புழுதித் தொல்லைக்கு வழி கேட்டவர் அந்நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட். 1902 மார்ச்சில் சுமார் நாற்பது மீட்டர் நீளச் சாலையில் சூடான நிலக்கரித் தாரைத் தூரிகையால் பூசினார்கள். புழுதி அடங்கியது, மருத்துவருக்குத் தார் டாக்டர் என்ற பட்டப்பெயரும் வந்தது. அதே ஆண்டு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம்ஷயர் சாலைப் பொறியாளர் எட்கர் பர்னெல் ஹூலி, சூடாக்கிய தாரை உலைக்கசடோடு முன்னதாகவே கலந்து பரப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். டென்பி இரும்பாலை அருகே சாலையில் உடைந்து வழிந்த தார்ப் பீப்பாயையும், அதன்மேல் கொட்டிய கசடையும் கண்டு அவருக்கு இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள்; இத்தகைய கதைகளில் எவ்வளவு பிற்சேர்க்கை என்பதை வாசகர் ஊகத்துக்கே விடலாம். 1908-இல் பாரிஸில் கூடிய முதல் பன்னாட்டுச் சாலை மாநாடு மோட்டார் வண்டியையும் புழுதியையும் மையமாக வைத்தே பேசியது.

தார் என்ற பொருள் கைக்கு வந்ததால்தான் தார்ச் சாலை வந்தது, சக்கரம் மாறியதால் அல்ல என்று இங்கே ஒருவர் வாதிடலாம். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. பாபிலோனின் ஊர்வலச் சாலையில் செங்கல்லைப் பிணைக்க நிலக்கீல் பயன்பட்டு இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. எரிவாயு விளக்குகள் பரவிய பின் இங்கிலாந்தின் நகரங்களில் நிலக்கரித் தார் தள்ள இடமில்லாத கழிவாகத் தேங்கியது. ஜான் ஹென்றி கேசல் 1834-லேயே தாரும் கல்லும் சேர்ந்த தளத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பாரிஸின் ரூ பெர்ஜேரில் 1854-இலும், லண்டனின் திரெட்நீடில் தெருவில் 1869-இலும் இயற்கை நிலக்கீல் பாறையைப் பொடித்து அழுத்தித் தளம் போட்டார்கள். பொருள் இருந்தது, அறிவு இருந்தது, விலையும் மலிவு. இருந்தும் நகரத் தெருக்களுக்கு வெளியே, நெடுஞ்சாலைகளில், கார் வரும்வரை ஒட்டாத ஜல்லியே ஆட்சி செய்தது. தேவை பிறக்காத இடத்தில் பசை எழுபது ஆண்டு காத்திருந்தது.

காத்திருந்ததில் நஷ்டமும் இல்லை. பசை வந்தபோது அதற்குரிய விலையும் கூடவே வந்தது. ஒட்டிய தளம் நீரை உள்ளே விடாது. விழும் மழை முழுவதும் ஓரத்துக்கு ஓடும். ஒட்டாத ஜல்லியில் விழுந்த பள்ளத்தை ஒரு கூடைக் கல்லும் திமிசுக்கட்டையும் வைத்து ஒருவரே நிரப்பிவிடலாம். தார்த் தளத்துக்குக் கொப்பரை வேண்டும், நெருப்பு வேண்டும், குழு வேண்டும். நிலக்கரித் தாரின் இன்னொரு முகத்தை டோக்கியோவில் யமகிவாவும் இச்சிகாவாவும் 1915-இல் காட்டினார்கள்: முயலின் காதில் மாதக்கணக்கில் தார் பூசி, ரசாயனத்தால் புற்றுநோய் உண்டாக்க முடியும் என்று நிறுவினார்கள். பின்னாளில் பெட்ரோலியத்தின் பிட்டுமென் அந்த இடத்தைப் பிடித்தது. நாம் இன்று தார் என்று சொல்லிச் சாலையில் ஊற்றுவது பெரும்பாலும் அதுதான். காருக்காக இந்த விலைகளைக் கொடுத்தது சரியே. மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் டயரை ஒட்டாத ஜல்லி நெடுநாள் தாங்கியிருக்காது.

தோட்டத்தில் அந்த டயர் இல்லை. அங்கே நடப்பது மனிதக் கால். கல்லைத் தள்ளும் விசை அற்பம். ஆனாலும் தோட்டத்துக் கல் சிதறுகிறதே என்றால், அதற்குக் காரணம் நம் ரசனை. உருண்டு வழுவழுத்த கூழாங்கல்லையே அழகுக்குத் தேர்ந்தெடுக்கிறோம். ஆற்று நீர் அதன் முனைகளை ஏற்கெனவே தின்றுவிட்டது. மாட்டிக்கொள்ள முனை இல்லாத கல் கோலிக்குண்டு போல உருளும். மெக்காடம் இதை அறிந்தே, லண்டன் சுற்றுவட்டாரச் சரளையில் பெரியதையெல்லாம் களிமண் நீக்கி உடைத்துப் போடச் சொன்னார். பழைய ஆங்கிலத் தோட்டக்காரர்கள் வேறு வழி வைத்திருந்தார்கள். குழியிலிருந்து களியும் மணலும் சரளையும் கலந்தே வரும் ஹாக்கின் என்ற மண்ணைப் பரப்பி, மழை பெய்து ஓய்ந்ததும் கல்லுருளை இழுத்து இறுக்குவார்கள். நம் ஊர்க் கிராவலுக்கு அது பங்காளி. மழையில் கொஞ்சம் செருப்பில் ஒட்டும், புல் முளைக்கும், ஆண்டுக்கு ஒருமுறை உருட்ட வேண்டும். இந்தச் சிறு பராமரிப்பைத் தவிர்க்கத்தான் பிசின் வந்தது. கல்லின் முனையை ஆறு எடுத்துக்கொண்டதற்கு ஈடாக அங்கே ரசாயனத்தை வாங்குகிறோம்.

பிசினுக்கு ஆதரவாக வலுவான வாதங்கள் உண்டு. இங்கிலாந்தில் 2007 வெள்ளத்துக்குப் பின், 2008 அக்டோபர் முதல், வீட்டு முன்முற்றத்தில் ஐந்து சதுர மீட்டருக்கு மேல் நீர் ஊறாத தளம் போட்டு, நீரை வடியவிட மண்பரப்பும் விடாவிட்டால் திட்ட அனுமதி வேண்டும் என்றாயிற்று. பிசினோடு கலந்து பரப்பிய சரளையில் இடைவெளிகள் உண்டு, நீர் இறங்கும். கான்கிரீட்டை விட அது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒட்டாத சரளையும் அதே விதியை நிறைவேற்றுகிறது என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. பிசின் பூசிய தளத்தின் மேல் சரளையைத் தூவும் இன்னொரு முறையில் நீர் இறங்குவதே இல்லை; பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் வாங்குபவர் ஏமாற வழியுண்டு. நான் தயங்காமல் ஏற்கும் வாதம் சக்கர நாற்காலி. தளர்ந்த கூழாங்கல்லில் அதன் சக்கரம் புதையும். கைத்தடி ஊன்றுபவருக்கும் அது ஆபத்து. பூங்கா, மருத்துவமனை, கோயில் வளாகம் போன்ற இடங்களில் சரளைதான் வேண்டுமென்றால் பிணைத்தே ஆக வேண்டும். அங்கேயும் முனையுள்ள கல்லும் கல்தூளும் சேர்த்து உருட்டிய தளத்தை முதலில் எண்ணிப் பார்க்கலாம்.

மூடாக்கின் கதை இதைவிடச் சுருக்கம். நெடுஞ்சாலை வெட்டிய சரிவுகளில் புல் விதையை நாரோடும் நீரோடும் குழைத்துப் பீய்ச்சும்போது, மழையில் வழியாமல் இருக்கப் பிசின் சேர்க்கிறார்கள். அதற்குப் பயன்படுவனவற்றில் ஒன்று நம் கொத்தவரை விதையின் பிசின். உலகுக்கு அதைப் பெருமளவில் கொடுப்பது ராஜஸ்தான். புல் வேர்பிடிக்கும் சில வாரங்களுக்கு மட்டும் அது ஒட்டினால் போதும், பிறகு மக்கிவிடும். சரிவு, மழை, வெற்று மண் என்ற மூன்று விசைகளும் அங்கே உண்மையாகவே உள்ளன. வீட்டுப் பாத்தியில் மூன்றும் ஒன்றுசேர்வதில்லை. மக்குவதற்காகவே போடும் பட்டையைப் பாலிமரால் ஒட்டினால், பட்டை மக்கிய பின் அடுத்த பருவத்தில் மறுபடி பட்டையும் வாங்க வேண்டும், பசையும் வாங்க வேண்டும். பாத்தியைச் சுற்றி நான்கு அங்குல உயரத்துக்குச் செங்கல் பதித்தால் அந்த இரண்டாவது செலவு இல்லை.