சோழமண்டலத்துச் சித்திரக்காரர் கிராமம்

சித்திரம் எழுதுபவன் எதனைக்கொண்டு ஜீவிப்பது? இக்கேள்விக்கு விடை காணாமையால் நம் நாட்டிற் கைதேர்ந்தவர் பலர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டுக் காரியாலயங்களிற் கணக்கெழுதி மாய்ந்தனர். சென்னையைச் சார்ந்த சித்திரக்காரர் சிலர் ஒன்றுகூடித் தம் கையுழைப்பினாலேயே இதற்கு விடை கண்டனர். அவ்வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் இல்லத்தாரும் அறிந்திருத்தல் நலமெனக் கருதி இங்கெழுதத் துணிந்தோம்.

சென்னைக் கலைப்பள்ளி 1850-ம் வருஷத்தில் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் வைத்தியரால் ஸ்தாபிக்கப்பட்டது. ஆதியில் அது பெரிதும் கைத்தொழில் பயிற்றும் சாலையாகவே விளங்கிற்று. தேவிபிரசாத் ராய் சௌதுரி தலைமை ஏற்ற பின்னர்ச் சித்திரமும் சிற்பமும் அங்கே மேலோங்கின. அவருக்குப்பின் 1957-ல் அப்பதவிக்கு வந்தவர் கே. சி. எஸ். பணிக்கர். இவர் 1911-ல் கோயம்புத்தூரிற் பிறந்தவர். குடும்பபாரத்தைத் தாங்கும்பொருட்டு இளமையில் தந்தி இலாகாவில் ஊழியம் புரிந்து, பின்பே அப்பள்ளியில் மாணாக்கராய்ச் சேர்ந்தவர். வயிறும் வித்தையும் ஒருவனை இருபுறமும் இழுக்கும் துன்பத்தை அவர் ஏட்டிற் படித்து அறிந்தாரல்லர்.

அவர் தலைவராயிருந்த காலத்திற் பயிற்சி முடித்து வெளியேறிய இளைஞர் மேலே செய்வதறியாது திகைத்தனர். நவீன சித்திரங்களை விலைகொடுத்து வாங்குவோர் சென்னையில் மிகச் சிலர். வாங்குவோர் மனத்துக்கு இசைய வரைந்தால் வித்தை கெடும். இசையாவிடின் அடுப்பிற் பூனை உறங்கும். பணிக்கர் காட்டிய உபாயம் மிக எளியது. கைப்பணிப் பொருள்களைச் செய்து விற்று ஜீவனத்தை நடத்திக்கொள்வது. சித்திரத்தை மட்டும் எவர் பொருட்டும் வளைக்காதிருப்பது. இவ்வெண்ணத்துடன் 1960-ஐ அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் ஒரு கைப்பணிச் சங்கத்தை அமைத்து, துணியிலும் தோலிலும் உலோகத்திலும் வேலை செய்யத் தொடங்கினர்.

இவற்றுட் பெரிதும் விலைபோனது பாத்திக் என்னும் துணிவேலை. சாவகத்தீவிற் சிறந்தோங்கிய இவ்வித்தையின் முறை வருமாறு: துணியின் எவ்விடத்தில் நிறம் ஏறலாகாதோ அவ்விடத்தில் உருகிய மெழுகைத் தடவி, துணியைச் சாயத்தில் தோய்ப்பர். சாயம் ஆறியதாயிருத்தல் வேண்டும். சூடாயிருப்பின் மெழுகு கரைந்துவிடும். மெல்லிய நிறம் முதலில், கருநிறம் கடைசியில் என ஒவ்வொரு நிறத்துக்கும் மெழுகிட்டுத் தோய்த்து, முடிவில் வெந்நீரிலிட்டு மெழுகை நீக்குவர். இடையே மெழுகு வெடித்த இடங்களிற் சாயம் புகுந்து நரம்புபோல் மெல்லிய கோடுகள் படரும். அக்கோடுகள் ஒரு துணியிற் போல் மற்றொன்றில் அமையா. அச்சிட்ட சேலைக்கும் இதற்கும் உள்ள பேதத்தை நம் இல்லத்துப் பெண்மணிகள் பார்த்த மாத்திரத்திலேயே உணர்வர்.

பொருட்காட்சி வைத்து இவற்றை விற்றனர். வந்த பணத்தில் ஒரு பகுதி பொதுநிதிக்குச் சென்றது. அந்நிதியின் பலத்தைக்கொண்டு 1966-ம் வருஷத்தில் சென்னைக்குத் தெற்கே இஞ்சம்பாக்கத்துக் கடற்கரையிற் சுமார் 10 ஏக்கர் நிலத்தை வாங்கினர். தனவந்தர் எவரும் தானமளித்த பூமியன்று என்பதை அன்பர்கள் கவனிக்க. அக்காலத்தில் அவ்விடம் வெறும் மணற்காடு, மின்விளக்கும் கிடையாது. குடிசைகளிட்டு, பட்டறையும் பொதுவாகக் காட்சிசாலையும் அமைத்துக்கொண்டனர். கோரமண்டலம் என ஐரோப்பியர் நாவிற் சிதைந்த பழம்பெயரை மீட்டு, சோழமண்டலம் என்று கிராமத்துக்குப் பெயரிட்டனர். பொருத்தமான பெயரே.

நிற்க. கைப்பணியில் இறங்கினாற் சித்திரம் மட்கிப்போகும் எனச் சிலர் ஐயுறலாம். நிகழ்ந்தது வேறு. பி. வி. ஜானகிராம் என்னும் சிற்பி, கோயில் மூர்த்திகளுக்குச் சாத்தும் கவசங்களைப்போல் உலோகத்தகட்டைத் தட்டி உருவங்களை அமைத்தார். கன்னாரும் தட்டாரும் தலைமுறையாய் அறிந்திருந்த கைவழக்கம் புதிய சிற்பமாயிற்று. பணிக்கரும் ஜாதகக் கட்டங்களையும் எழுத்துக்களையும் ஒத்த வரிகளைக்கொண்டு "சொற்களும் குறியீடுகளும்" என்னும் சித்திர வரிசையை எழுதினார். நம் வீட்டுப் பெட்டியிலுள்ள ஜாதக ஓலையிற் சித்திரமிருப்பதை நாம் கண்டோமில்லை, அவர் கண்டார்.

கே. ராமானுஜம் என்பவரைக் குறிப்பாமல் விடுதல் தகாது. பேச்சுத் தடையுடைய அவ்விளைஞர் எக்காரியாலயத்திலும் நிலைத்திருக்கக்கூடியவரல்லர். அக்கிராமத்தில் அவருக்கு இடமிருந்தது. மாடமாளிகைகளும் விசித்திரப் பிராணிகளும் நெருங்கிய கனவு நகரங்களை மையினால் அவர் தீட்டினார். 1973-ல், முப்பதைச் சிறிதே கடந்த வயதில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தோழமை அவருக்குச் சோறும் நிழலும் தந்தது. அதற்குமேல் அவருக்கு வேண்டியிருந்ததை அதனால் தர இயலவில்லை. இதனை மறைத்து வரலாறெழுத நமக்கு மனம் வரவில்லை.

பணிக்கர் 1977-ல் மறைந்தார். கிராமம் கலையவில்லை. 2009-ல் அங்கே தற்காலக் கலைக்கென ஒரு காட்சிமனை திறக்கப்பட்டு, சென்னைக் கலைஞர் பரம்பரையின் சித்திரங்களும் சிற்பங்களும் அதிற் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. மணற்காட்டின் ஓரமாய் இப்போது கிழக்குக் கடற்கரைச் சாலை செல்கிறது. மாமல்லபுரம் யாத்திரை போகும் நம் அன்பர்கள் வழியில் அரைமணி நேரம் இறங்கி, மரநிழலில் நிற்கும் சிற்பங்களையும் உள்ளே தொங்கும் சித்திரங்களையும் குழந்தைகளுக்குக் காட்டிச் செல்வார்களாக.