சித்தூர்ச் சாலையில் எழுந்த சுவர்

வேலூரும் சித்தூரும் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு என்னும் ஒரே ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவின் தலைநகரமே சித்தூர்தான். 1911-இல் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ஆயினும் கொள்வினை கொடுப்பினை நின்றுவிடவில்லை. சித்தூர்ப் பக்கத்து நோயாளிகள் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடினர்; தமிழ்நாட்டு யாத்ரிகர்கள் திருப்பதிக்குச் சென்றனர்.

2020-இல் கொரோனாப் பெருந்தொற்று வந்தது. மார்ச் 20-ஆம் நாள் முதல் திருமலையில் பக்தர்களுக்குத் தரிசனம் நிறுத்தப்பட்டது. நித்திய பூஜைகள் குறைவின்றி நடந்தன. யாத்ரிகர்களை நம்பிப் பூக் கட்டியவரும் சுமை தூக்கியவரும் ஜீவனமின்றித் தவித்தனர்.

ஏப்ரல் மாத இறுதியில் வேலூர் ஜில்லா நிர்வாகம், குடியாத்தம், பொன்னை ஆகிய ஊர்களின் அருகே, சித்தூர் எல்லைச் சாலைகளின் குறுக்கே சுவர் எழுப்பிற்று. சித்தூர்த் தரப்பில் ஆட்சேபம் எழவே, சில நாட்களுக்குள் சுவர் இடிக்கப்பட்டது.

நோய் பரவாமல் தடுப்பது அரசின் கடமை, அதில் ஐயமில்லை. ஆனால் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர், பிரசவ வேதனையில் வருபவளையும் வீணே சுற்றுபவனையும் பிரித்தறிவார், சுவர் அறியாது. வாகனமும் செல்வாக்கும் உடையவர் வேறு வழி காண்பர். கால்நடையாக வரும் கூலியாளுக்கோ அதுவே முடிவு.

பிழைப்பை நாடி மாநில எல்லை கடந்து வாழும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எல்லையைக் காக்கவேண்டிய நாளிலும் நோயாளிக்கும் ஏழைக்கும் ஒரு வாயில் திறந்திருத்தலே நீதியாகும்.