தொழிற்கழிவுநீர் (பொதுச் சாக்கடையில் விடுதல்)

அயோத்தியாப்பட்டணம் அடங்கிய சேலம் வட்டாரத்தின் சாயப்பட்டறைகளும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளும் கழிவுநீரை ஆற்றிலோ சாக்கடையிலோ விட, 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். மத்திய அரசின் பொதுத் தர வரம்புகள் பொதுச் சாக்கடைக்குத் தாராளமானவை: உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 350 மில்லிகிராம், நீரில் தொங்கும் திடப்பொருள் 600, எண்ணெய்ப்பசை 20; கார அமிலநிலை 5.5 முதல் 9 வரை. ஆற்றில் விட்டால் முதலிரண்டும் முறையே 30, 100 மட்டுமே.

இந்தத் தாராளத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. விதியின் உயிரே அதுதான். சாக்கடையின் முடிவில் உயிரியல் முறைச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கவேண்டும். இல்லையேல் சாக்கடையில் விடுவதும் ஆற்றில் விட்டதாகவே கொள்ளப்படும். சுத்திகரிக்காவிட்டால், மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து கலந்த சேகோ ஆலைக் கழிவுநீர் விரைவில் புளித்து ஆற்றுநீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். சேலம் நகரச் சாக்கடைகள் கலக்கும் திருமணிமுத்தாறோ நாமக்கல் மாவட்டத்தில் காவிரியைச் சேர்கிறது.